புல்வெளிக்கு இருபது நிமிடம் போதும்

புல்வெளியைக் காப்பது என்றால் செடி நடுவது, நீர் ஊற்றுவது, உரம் போடுவது என்ற எண்ணத்தோடுதான் பலரும் தன்னார்வக் குழுக்களுக்கு வருகிறார்கள். வேலை அதற்கு நேர் எதிரானது. வெட்டிய புல்லை வெளியேற்ற வேண்டும், தானாக முளைத்த மரக்கன்றைப் பிடுங்க வேண்டும், மண்ணில் சேரும் சத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூச்செடிகள் அடர்ந்த பழைய புல்வெளியும், அமில மணலில் ஹெதர் புதர் படர்ந்த ஹீத் நிலமும் ஏழை மண்ணில்தான் செழிக்கும். நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களும் இந்த வேலையில் எப்படிச் சேரலாம் என்று சொல்லுமுன், நிலம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

இதற்கு மிக நீண்ட சான்று இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. 1856இல் லாஸ், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வைக்கோல் புல்வெளியைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கொரு உரம் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. உரமே காணாத துண்டுகளில் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் செடி இனங்கள் இருக்கின்றன. அமோனியம் உரத்தை ஏராளமாகப் பெற்று அமிலமாகிப்போன துண்டுகளில் இரண்டு மூன்று புல் இனங்களே மிஞ்சின. சத்து மிகுந்தால் வேகமாக உயரும் சில புற்கள் வெளிச்சத்தை மறித்துவிடும். தரையோடு ஒட்டி வளரும் சிறு செடிகள் அந்த நிழலில் மடியும். இங்கிலாந்து, வேல்ஸ் தாழ்நிலப் புல்வெளிகளில் 1930களுக்கும் 1984க்கும் இடையே சுமார் 97 சதவீதம் அழிந்ததற்கு உழவோடு உரமும் பெரிய காரணம். இப்போது வேறொரு சிக்கலும் உண்டு. வாகனப் புகையிலும் கால்நடைப் பண்ணைகளிலும் கிளம்பும் நைட்ரஜன் காற்றோடு வந்து இறங்குகிறது. உலர் ஹீத் நிலம் ஆண்டுக்கு எக்டேருக்கு 5 முதல் 15 கிலோ வரைதான் தாங்கும் என்று 2022இல் ஐரோப்பிய அளவுகோல் திருத்தப்பட்டது. யாரும் உரம் போடாத நிலத்திலும் உரம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் இந்த வேலைக்கு முடிவு கிடையாது.

கீழே வரும் மாதக் கணக்கெல்லாம் பிரிட்டனையும் வடமேற்கு ஐரோப்பாவையும் ஒட்டியவை. வேறு நாட்டில் பருவம் மாறும், முறை பெரிதாக மாறாது.

புல்வெளியை மீட்க நினைத்தால் முதல் செலவு மண் பரிசோதனைக்கு. ஓல்சன் என்ற ஆய்வக முறையில் அளந்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 15 மில்லிகிராம் வரை இருந்தால் துணிந்து தொடங்கலாம். 25ஐத் தாண்டினால் விதைக்குப் போடும் பணம் பெரும்பாலும் வீண். நைட்ரஜன் மழையோடு கரைந்து போகும். பாஸ்பரஸ் மண்துகளைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நகராது. அப்படிப்பட்ட இடத்தில் ஆண்டுதோறும் வெட்டி வெளியேற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

வெட்டு ஜூலை நடுவுக்குப் பிறகு. பெரும்பாலான பூக்கள் அதற்குள் விதை கட்டியிருக்கும். வெட்டிய புல்லை இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிப் போட்டால் விதை உதிரும். பிறகு துரும்பு விடாமல் வாரி வெளியேற்ற வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வெட்டிவிடும், வாருவதற்கு ஆள் இருக்காது, புல் அங்கேயே மட்கும். வாரினாலும் புல்வெளியின் மூலையிலேயே குவித்தால் அந்த மூலையில் அடுத்த ஆண்டு தொட்டால் அரிக்கும் நெட்டில் செடி காடாக நிற்கும். குவியலுக்கு இடம் எது என்பதை வெட்டுவதற்கு முன்பே, புல்வெளிக்கு வெளியே, முடிவு செய்திருக்க வேண்டும்.

முரட்டுப் புல்லை அடக்க யெல்லோ ராட்டில் என்ற ஓராண்டுச் செடி பெரிய துணை. அதன் வேர் பக்கத்துப் புல்லின் வேரில் துளையிட்டு உறிஞ்சிக் குடிக்கும். புல் குட்டையாகும், மற்றப் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். விதைக்கும் முன் புல்லை ஒட்ட வெட்டி, பாதி மண் கண்ணுக்குத் தெரியும் வரை இரும்பு வாரியால் கீற வேண்டும். சிறிய இடத்தில் சதுர மீட்டருக்கு 1 கிராம் விதை தூவி, காலால் மிதித்து அழுத்தினால் போதும், மூட வேண்டாம். தோற்றுப்போவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. முந்தைய ஆண்டு விதையைப் போடுவது ஒன்று: இதன் விதை நெடுநாள் உயிரோடு இருக்காது. வசந்தத்தில் விதைப்பது இன்னொன்று: குளிர்காலம் முழுக்க மண்ணில் குளிர்ந்து கிடந்தால்தான் முளைக்கும், ஆகவே இலையுதிர் காலத்திலேயே போட்டுவிட வேண்டும். மூன்றாவது, விதை உதிரும் முன் வெட்டுவது. ஆண்டுதோறும் விதையிலிருந்தே முளைக்க வேண்டிய செடி என்பதால் ஒரே ஒரு அவசர வெட்டில் அந்த இடத்தின் மொத்த யெல்லோ ராட்டிலும் போய்விடும்.

ஹீத் நிலத்தின் கணக்கு வேறு. ஹெதர் முளைத்த முதல் ஆறு ஆண்டுகள் இளம் பருவம். 15 ஆண்டு வரை அடர்ந்து வளரும். 25ஐ நெருங்கும்போது முற்றும். அதன்பின் நடுவில் பிளந்து சாயும். ஒரு நிலத்தில் இந்த வயதுகள் எல்லாம் திட்டுத் திட்டாகக் கலந்திருக்க வேண்டும். சில்வர்-ஸ்டடட் புளூ வண்ணத்துப்பூச்சிக்கு இளம் ஹெதரும் எறும்புக் கூடும் வேண்டும். மணல் பல்லிக்கு வெயில் காய முற்றிய ஹெதரும் முட்டையிட வெறும் மணலும் அருகருகே வேண்டும். தரையில் முட்டையிடும் பக்கிப் பறவைக்கு மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் திறந்த வெளி வேண்டும். கைவிட்டால் பிர்ச், பைன் மரங்கள் முளைத்து, இருபது முப்பது ஆண்டுகளில் நிலம் காடாகிவிடும்.

பைன் கன்றைக் கடைசிப் பச்சைக் கிளைக்கும் கீழே வெட்டினால் செத்துப்போகும். ஒரே ஒரு பச்சைக் கிளை மிஞ்சினாலும் அது நிமிர்ந்து மரமாகும். பிர்ச் அப்படியல்ல, அடிக்கட்டையிலிருந்து நாலைந்தாகத் துளிர்க்கும். அதனால் பிர்ச்சை முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்போதே, குளிர்கால மழையில் மண் நனைந்திருக்கும்போது, வேரோடு பிடுங்குவதுதான் லாபம். இந்த வேலை அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் முடிய வேண்டும், அதன்பின் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். பிராக்கன் பெரணிக்கு எதிர்க் காலம்: ஜூன் நடுவில் ஒரு வெட்டு, ஜூலை இறுதிக்குள் இன்னொன்று, குறைந்தது மூன்று ஆண்டுகள். மண்ணுக்கடியில் படர்ந்த கிழங்கில் சேர்த்த உணவை அது செலவழித்துத் தீரும் வரை விடக்கூடாது. இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினால் முதல் ஆண்டு உழைப்பும் சேர்ந்து போய்விடும்.

நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் வாட்டில் எனப்படும் சீகை மரத்தோடு நடக்கும் போராட்டமும் இதே வகை. மரத்தைச் சாய்த்ததும் மண்ணில் கிடந்த விதையெல்லாம் வெளிச்சம் கண்டு கும்பலாக முளைக்கும். மரம் வெட்ட ஒரு வாரம் என்றால், நாற்று பிடுங்கப் பல ஆண்டுகள்.

வேலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லார்ஜ் புளூ வண்ணத்துப்பூச்சியைச் சேகரிப்பாளர்களிடமிருந்து காக்க அது வாழ்ந்த புல்வெளியை வேலியிட்ட வரலாறு பிரிட்டனில் உண்டு. வேலி மாடுகளையும் தடுத்தது. புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, அந்தப் பூச்சியின் புழு நம்பி வாழும் மிர்மிகா சபுலெட்டி எறும்பு மறைந்தது. 1979இல் பூச்சி பிரிட்டனில் அற்றுப்போனது. பூச்சியியலாளர் ஜெரமி தாமஸ் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தபின், 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து, மேய்ச்சலைத் திருப்பி, மீண்டும் குடியேற்றினார்கள். தொடாமல் விடுவது இந்த நிலங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

ஆக, தேவைப்படுவது சிறிய வேலை, பருவம் தவறாத வேலை, பல ஆண்டுகள் விடாமல் செய்யும் வேலை. நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களை இந்தக் குழுக்களுக்கு மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் அனுப்புவது இன்று பல நாடுகளில் வழக்கம். இயற்கையில் இருந்தால் நோய் தீரும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். முடக்குவாதமும் நுரையீரல் அடைப்பும் பூவைப் பார்த்துக் கரைவதில்லை. கிடைப்பது வேறு: நோயாளி என்ற அடையாளத்துக்கு வெளியே ஒரு வேலை, வாரம் ஒருமுறை மனித முகங்கள், தான் செய்தது நிலத்தில் நிற்பதைக் காணும் வாய்ப்பு. நோயால் வேலை இழந்தவருக்கு இது சிறிய விஷயம் இல்லை. ஆனால் திட்டம் பிசகினால் அதே குழு ஒருவரை ஒரு மாதம் படுக்கையில் தள்ளிவிடும். அதனால் அளவுகளைப் பற்றிப் பேச வேண்டும்.

மிகப் பெரிய ஆபத்து நல்ல நாள். உடம்பு லேசாக இருக்கும் நாளில் மற்றவர்களோடு சேர்ந்து மூன்று மணி நேரம் வாரிவிட்டு உற்சாகமாக வீடு திரும்புவார்கள். எம்இ எனப்படும் நாள்பட்ட சோர்வு நோயிலும், நீடித்த கோவிட் உள்ள பலரிடமும் சரிவு அப்போதே தெரியாது; பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத் தாக்கும், நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். படிப்படியாக உழைப்பைக் கூட்டினால் சரியாகும் என்ற பழைய சிகிச்சை முறையை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் தன் வழிகாட்டியிலிருந்து விலக்கியது அதனால்தான். இதய நோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் மெல்லக் கூட்டுவது நல்லது. எம்இ உள்ளவருக்கு அதுவே கேடு. ஒரே குழுவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்" என்ற ஊக்கச் சொல்லைக் குழுத் தலைவர் மறந்துவிடுவதே நல்லது.

எனக்குச் சரியாகப் படும் முறை இது. முதல் முறை வருபவருக்கு மொத்த உடலுழைப்பு 20 நிமிடம், அதையும் பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் உட்கார்ந்து பத்து நிமிட ஓய்வு. நேரத்தைக் கடிகார மணி சொல்ல வேண்டும், களைப்பு சொல்லக் கூடாது. களைப்பு தெரியும்போது எல்லை தாண்டியாகிவிட்டது. ஓய்வு மணி எல்லோருக்கும் பொது. திடமாக இருப்பவரும் உட்கார வேண்டும், இல்லையென்றால் நோயாளி மட்டும் தனியாக உட்காரக் கூசி எழுந்துவிடுவார். வேலையின் கடுமையை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னால் 3ஐத் தாண்டக் கூடாது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா என்பது எளிய சோதனை. அன்றைக்கு எப்படி இருந்தது என்ற கேள்வியால் பயன் குறைவு. இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு, தூக்கம், வலி, வழக்கமான வீட்டு வேலை முடிந்ததா என்ற மூன்று கேள்விகள். அந்த விடைதான் அடுத்த வார அளவைத் தீர்மானிக்க வேண்டும். வந்து போகும் பயணமும் குளிப்பதும் உடை மாற்றுவதும் உழைப்புதான் என்பதைக் கணக்கில் எடுக்காத திட்டம் காகிதத்தில் மட்டும் அழகாக இருக்கும்.

இருபது நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஈரமண்ணில் முழங்கால் உயர பிர்ச் கன்றுகளைப் பிடுங்க அது தாராளமான நேரம். எட்டுப் பேர் இருபது நிமிடம் குளிர்காலம் முழுக்க வாரந்தோறும் வந்தால், ஆண்டுக்கொருமுறை நடக்கும் பெரிய முகாமைவிட நிலத்துக்கு நல்லது. பெரிய முகாமில் கால் மிதிபட்டு ஹெதர் நசுங்கும், அவசரத்தில் வேர் அறுந்து மண்ணிலேயே தங்கும்.

நோய்க்கு நோய் கவனம் மாறும். இன்சுலின் போடுபவர் தொடங்குமுன் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் விரைவில் கரையும் சர்க்கரை 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறு அளவு. உழைத்த அன்று இரவிலும் இறங்கலாம் என்பதை வீட்டில் இருப்பவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். காலில் உணர்வு குறைந்தவர் காலணிக்குள் புகுந்த முள்ளை உணர மாட்டார். கிளம்பும் முன் காலுறையைக் கழற்றிப் பார்க்கும் வழக்கத்தைக் குழு முழுவதற்கும் ஆக்கிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. முடக்குவாதத்தில் காலையில் விரல்கள் மடங்காது, ஆகவே பத்து மணிக்கு மேல் தொடங்குவது அவர்களுக்கு மரியாதை. வாரியின் பிடியில் குழாய் உறைப் பஞ்சைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பது எளிது. புல்லைத் தூக்கிச் சுமப்பதைவிட இரண்டு மீட்டர் தார்ப்பாயில் போட்டு இருவர் இழுப்பது மேல். விரல் வெளுத்து மரத்துப்போகும் ரேநாட் உள்ளவர் கையில் அதிரும் புல்வெட்டி இயந்திரம் வேண்டாம்.

பூசணம் பிடித்த வைக்கோலை யாரும் கிளறக் கூடாது. நுரையீரல் நோய் உள்ளவரும், உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவரும் அந்தப் பக்கமே போகக் கூடாது. உலர்ந்த புல் வாரும் நாளில் தூசு வீசும், அன்றைக்கு அவர்களுக்குக் காற்று வரும் பக்கத்தில், தூசு எட்டாத இடத்தில் வேறு வேலை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் ரம்பத்தைத் தவிர்ப்பது நல்லது. தலையில் அடிபட்டால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். லித்தியமோ சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு வெயில் நாள் ஆபத்து. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவருக்குச் சூடு ஏறினாலே பார்வையும் நடையும் தற்காலிகமாகத் தடுமாறும். லூபஸ் இருந்தால் வெயில் பட்டாலே நோய் கிளம்பலாம்.

உண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹீத்திலும் பெரணியிலும் உண்ணி உண்டு, அதன் மூலம் லைம் நோய் வரும். அன்று மாலையே அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்து, கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தேதியைக் குறித்து வையுங்கள். விரிந்துகொண்டே போகும் தடிப்பு 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றலாம். திடமானவருக்கு லைம் நோயின் சோர்வும் மூட்டு வலியும் புதிது, உடனே கவனிப்பார். நாள்பட்ட நோயாளியோ பழைய வலிதான் கூடியிருக்கிறது என்று விட்டுவிடுவார், சில நேரம் மருத்துவரும் அப்படியே நினைப்பார். உண்ணி கடித்த தேதி எழுதிய துண்டுச் சீட்டு அங்கே மிகவும் உதவும்.

நடக்கவே முடியாதவருக்கும் உண்மையான வேலை இருக்கிறது, ஒப்புக்குத் தரும் வேலை அல்ல. அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரத்தில் ஒரே வகைப் பூவைத் தேர்ந்து, பத்து நிமிடத்தில் அதில் வந்தமரும் பூச்சிகளை வகைப்படுத்தி எண்ணும் கணக்கெடுப்பை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். குறித்த ஒரு கம்பத்திலிருந்து அதே திசையில், அதே மாதத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் புகைப்படம், பத்தாண்டில் எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகப் பேசும். புல்லின் உயரத்தை 30 சென்டிமீட்டர் அகல, 200 கிராம் எடையுள்ள ஒரு வட்டத் தட்டினை அளவுகோலின் மேல் நழுவவிட்டு அளப்பார்கள். ஒருவர் தட்டைப் போட, உட்கார்ந்திருப்பவர் எழுதுவார். இந்த எண்களால்தான் மேய்ச்சலைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவை எண்ணியவரிடம் திரும்பி வந்து சொல்ல வேண்டும். தன் கணக்கு எங்கே போயிற்று என்று தெரியாதவர் மூன்றாம் மாதம் வரமாட்டார், அதற்கு நோய் காரணமாக இருக்காது.

கழிவறை எவ்வளவு தூரம், உட்கார இடம் எத்தனை மீட்டருக்கு ஒன்று, பாதையில் படி உண்டா, வாகனம் எதுவரை வரும்: இந்த நான்கையும் அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். குடல் அழற்சி உள்ளவர் கழிவறை பற்றித் தொலைபேசியில் கேட்கக் கூச்சப்பட்டே வராமல் இருந்துவிடுவார்.

சமூகப் பணியாளரின் பங்கு நிலத்துக்கு வருவதற்கு முன்பே தொடங்குகிறது. நோயோடு வாழ்வதே வேலை என்று 1985இல் ஆய்வாளர்கள் ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் எழுதினார்கள்: மருந்து, மருத்துவமனை என்ற நோய் வேலை, சமையல், குழந்தை என்ற அன்றாட வேலை, இனி நான் யார் என்று தன் வாழ்க்கையைத் திரும்ப அடுக்கும் வேலை. மூன்றும் முடிந்து மிஞ்சும் தெம்பில்தான் நான்காவதாக நம் புல்வெளி வருகிறது. ஆகவே முதல் சந்திப்பில் நோயின் பெயரைவிட, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிகிறது என்று கேட்பது அதிகம் சொல்லும். மோசமான நாள் எப்படி இருக்கும், சரிவு வருமுன் என்ன தெரியும், பேச முடியாமல் போனால் யாரை அழைப்பது, குழுவில் யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பவையும் அதே உரையாடலில். மருத்துவக் குறிப்பை மூடிய உறையில் அவரே வைத்திருக்கட்டும். குழுத் தலைவருக்குத் தேவை நோயின் பெயர் அல்ல, என்ன செய்யக் கூடாது என்பது மட்டும். வராத வாரத்தில் இடத்தை நிரப்பிவிடாமல், விதையைச் சலித்துச் சுத்தம் செய்யும் வேலையை வீட்டுக்கு அனுப்பலாம். அழைத்து விசாரிப்பது நல்லது, ஏன் வரவில்லை என்று கேட்பது நல்லதல்ல.

கடைசியாக உதவித்தொகை. ஊனமுற்றோர் உதவி பெறுபவர் தன்னார்வமாக நிலத்தில் வேலை செய்கிறார் என்றால், மதிப்பீட்டில் அதையே காட்டி உடல் திறன் இருக்கிறது என்று சொல்லும் ஆபத்து உண்டு. இந்தப் பயத்தால் வராதவர் பலர், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சேரும் முன்பே அந்த ஊரின் விதியைச் சமூகப் பணியாளர் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரிக் குறிப்பு வேண்டும்: எத்தனை நிமிடம், உட்கார்ந்தா நின்றா, எத்தனை ஓய்வு, இரண்டு நாள் கழித்து நிலைமை என்ன. ஒருமுறை செய்ய முடிவதும், தினமும் நம்பகமாகத் திரும்பத் திரும்பச் செய்ய முடிவதும் வேறு வேறு என்பதை மதிப்பீட்டாளருக்கு எழுதும் கடிதத்தில் இந்த எண்களை வைத்தே விளக்கலாம். "ஆர்வமாகப் பங்கெடுக்கிறார்" என்று மட்டும் எழுதிய அன்பான கடிதம் அவருக்கே எதிராகப் பயன்படும். "வாரம் ஒருமுறை, 20 நிமிடம், பாதி நேரம் அமர்ந்து, கடந்த பன்னிரண்டு வாரத்தில் ஐந்து முறை வர இயலவில்லை" என்ற வகையில் எழுதுங்கள், கையொப்பமிட்டு ஒரு படியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.